காஞ்சியும் சீனமும்: ஒரு கடல்வழியின் நாள்கணக்கு

காஞ்சிபுரத்துக்கும் தென்சீனத் துறைமுக நகரமான குவாங்சௌவுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊர்களையும் மிகக் குறுகிய வளைகோட்டால் இணைத்தால் வரும் கணக்கு இது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் துல்லியமாகக் கைவந்த பிறகுதான் இப்படிக் கணக்கிட முடிந்தது. அதற்கு முன்பு இந்த வழியில் போய்வந்தவர்களுக்குத் தொலைவு என்றால் நாள்கணக்குதான். தமிழில் நாழிகைவழி என்றே ஓர் அளவு உண்டு. ஒரு நாழிகை நேரத்தில் நடந்து கடக்கும் தூரம் அது. எவ்வளவு தூரம் என்று கேட்டால் நேரத்தால் விடை சொல்லும் அந்தப் பழக்கம் கடலுக்கும் பொருந்தியது. சீன ஏடுகள் இந்த வழிக்கு லீ என்ற நீட்டலளவிலும் எண் தருகின்றன, நாள்களிலும் தருகின்றன. ஒரு லீ சுமார் அரை கிலோமீட்டர். லீ கணக்குகள் பெரும்பாலும் கற்பனைக்கு எட்டாதவையாக இருக்க, நாள்கணக்குகள் வியப்பூட்டும் அளவுக்கு நம்பகமானவை.

இவற்றில் மிகப் பழையது ஹான் பேரரசின் வரலாறான 'ஹான் ஷு'வின் நிலவியல் பகுதியில் வருகிறது. கி.மு. முதல் நூற்றாண்டையொட்டிய செய்தி அது. இன்றைய வியட்நாம் எல்லையை ஒட்டிய சீனத் துறைகளிலிருந்து ஐந்து மாதம் கப்பலில் போனால் ஒரு நாடு, அங்கிருந்து நான்கு மாதத்தில் இன்னொரு நாடு, மேலும் இருபது நாளுக்குமேல் போனால் மற்றொரு நாடு; பிறகு பத்து நாளுக்குமேல் நடை; மறுபடி இரண்டு மாதத்துக்குமேல் கப்பல்; அதன் முடிவில் ஹுவாங்சி. மொத்தம் ஏறத்தாழ ஓராண்டு. இந்த ஹுவாங்சி காஞ்சிதான் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள், கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியும் இதை ஏற்றார். மறுப்பவர்களும் உண்டு. கி.பி. 2-இல் ஹுவாங்சி அரசன் சீன அரசவைக்கு உயிருள்ள காண்டாமிருகம் ஒன்றை அனுப்பியதாக அதே நூல் சொல்வது அவர்களுக்கு ஓர் ஆதாரம், ஏனெனில் அது தொண்டைமண்டலத்துக் காடுகளில் திரியும் விலங்கு அல்ல. வேறு நாட்டிலிருந்து வாங்கி அனுப்பியிருக்கலாம் என்பது ஏற்பவர்களின் பதில்.

இடையில் வரும் அந்தப் பத்து நாள் நடை கவனிக்கத்தக்கது. மலாய்த் தீபகற்பம் மெலிந்து ஒடுங்கும் கிரா நிலவிணைப்பை ஒட்டிய பகுதியில் சரக்கை இறக்கி, மறுகரைக்குத் தூக்கிச்சென்று, வேறு கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். அவர்கள் கொண்டுவந்த சரக்கும் காஞ்சிக்காரர்களுக்கு ஆர்வமூட்டக்கூடியது: பொன்னும் பலவகைப் பட்டும். பதிலுக்கு முத்தும் பளிங்கும் அரிய கற்களும் வாங்கிப் போனார்கள். பட்டுக்குப் பெயர்பெற்ற ஊர் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பு சீனப் பட்டு வந்திறங்கிய ஊராகவும் இருந்திருக்கிறது என்பதை இந்த அடையாளம் சரியென்றால் ஏற்க வேண்டும். திரும்பும் வழிக்கு அந்நூல் பத்து மாதம் சொல்கிறது. புயலில் மூழ்காதவர்களும் ஊர் திரும்பச் சில ஆண்டுகள் ஆகும் என்றும் சேர்த்துச் சொல்கிறது.

காஞ்சி கடற்கரை ஊர் அல்ல. அதன் கடல்வாயில்கள் பாலாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய வசவசமுத்திரமும், பல்லவர் காலத்தில் மாமல்லபுரமும். வசவசமுத்திரத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. மேற்கு நாட்டுச் சரக்கும் கிழக்கு நாட்டுச் சரக்கும் சந்தித்த கரை இது. கி.பி. 640-ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாறு, காஞ்சியை இந்தியாவின் தென்கடல் வாயில் என்றே குறிக்கிறது. அங்கிருந்து சிங்களத்துக்குக் கடல்வழி மூன்று நாள். அவர் அந்த மூன்று நாள் பயணத்தை மேற்கொள்ளவில்லை. அங்கே அரசன் இறந்துவிட்டான், பஞ்சம் நிலவுகிறது என்று காஞ்சிக்கு வந்துசேர்ந்த இலங்கைத் துறவிகள் சொன்னதைக் கேட்டு வடக்கே திரும்பினார்.

நல்ல காற்று கிடைத்தால் இந்தக் கடல்வழியின் ஒவ்வொரு துண்டும் எத்தனை நாள் என்பதை இ-சிங் என்ற சீனத் துறவியின் எழுத்துகளிலிருந்து அறியலாம். 671-இல் குவாங்சௌவில் பாரசீகக் கப்பல் ஒன்றில் ஏறிய அவர் இருபது நாளுக்குள் சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தை அடைந்தார். அவர் குறிப்பிடும் வூசிங் என்ற மற்றொரு துறவி, மலாய்க் கரையின் கடாரத்திலிருந்து முப்பது நாளில் நாகப்பட்டினம் வந்திருக்கிறார். ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் இடையிலான தூரத்தைச் சேர்த்தாலும் கப்பல் நகர்ந்துகொண்டிருக்கும் நாள்கள் இரண்டு, இரண்டரை மாதத்தைத் தாண்டாது. அப்படியிருக்க, இதே வழிக்கு மூன்று ஆண்டு ஆனது என்று ஏடுகள் திரும்பத் திரும்பச் சொல்வது ஏன்?

இதற்குக் காரணம் காற்று. இந்தியப் பெருங்கடலிலும் தென்சீனக் கடலிலும் ஆண்டின் ஒரு பாதியில் தென்மேற்கிலிருந்தும் மறுபாதியில் வடகிழக்கிலிருந்தும் காற்று வீசுகிறது. தமிழ்க் கடலோடிகள் இவற்றைச் சோழகம், வாடை என்பார்கள். சோழகம் கப்பலைச் சீனத்தை நோக்கித் தள்ளும். வாடை அங்கிருந்து திருப்பி அனுப்பும். சோழமண்டலக் கரையிலிருந்து புறப்பட்டு மலாக்கா நீரிணையை அடைவதற்குள் பருவம் தாண்டிவிட்டால், அடுத்த சோழகம் எழும்வரை ஏதாவது ஒரு துறையில் நங்கூரம் பாய்ச்சிக் கிடப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு பருவம் தவறினால் பல மாதம் போகும். கப்பலைப் பழுதுபார்ப்பது, சரக்கை விற்று வாங்குவது, உள்ளூர் அரசனின் அனுமதிக்குக் காத்திருப்பது என்று இவையும் சேர்ந்துகொண்டால் இரண்டாவது பருவமும் கைநழுவும்.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து கடல்வழியே ஊர் திரும்பிய சீனத் துறவி பாஹியானுக்கு நடந்தது இதுதான். புயலில் அலைக்கழிந்து தொண்ணூறு நாளில் தென்கிழக்காசியத் தீவு ஒன்றில் கரைசேர்ந்தவர், அங்கே ஐந்து மாதம் காத்திருந்தார். பிறகு ஐம்பது நாளுக்கு உணவு ஏற்றிக்கொண்டு குவாங்சௌவுக்குப் புறப்பட்ட கப்பல் திசை தவறி, எழுபது நாள் கடந்தும் கரையைக் காணாமல், குடிநீர் தீர்ந்து கடல்நீரில் சமைக்கும் நிலைக்கு வந்தது. கடைசியில் அது ஒதுங்கியது குவாங்சௌவுக்கு வெகு வடக்கே, ஷான்டுங் கரையில்.

காஞ்சியிலிருந்து சீனம் போனவர்களில் பலருக்கும் தெரிந்த பெயர் போதிதர்மர். அவர் காஞ்சி அரசகுமாரர் என்பது பிற்கால மரபு. வரலாற்றுச் சான்று வலுவானதல்ல. ஆனால் 11-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ஜென் வரலாற்று நூல் அவர் கடலில் மூன்று ஆண்டு கழித்து தென்சீனம் சேர்ந்ததாகச் சொல்வது, அந்தக் காலத்தவர் இந்தப் பயணத்துக்கு எவ்வளவு நேரம் இயல்பென்று நினைத்தார்கள் என்பதைக் காட்டுகிறது.

வஜ்ரபோதி என்ற பௌத்தத் துறவியின் பயணம் அப்படியல்ல. அவரோடு நெருங்கியிருந்த சீடர் வழியில் வந்த விரிவான வாழ்க்கைக் குறிப்பு இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில், பல்லவ அரசன் இரண்டாம் நரசிம்மவர்மன் (ராஜசிம்மன்) தன் படைத்தலைவர் ஒருவரைத் துணைக்கு அனுப்பி, பிரஜ்ஞாபாரமிதை ஏட்டையும் கொடுத்து வழியனுப்பினான். ஒரு பகல் ஓர் இரவில் இலங்கை. அங்கே மணிகள் வாங்க வந்திருந்த முப்பத்தைந்து பாரசீகக் கப்பல்களோடு சேர்ந்து ஒரு மாதத்தில் ஸ்ரீவிஜயம். அங்கே எதிர்க்காற்றால் ஐந்து மாதம் நிறுத்தம். சீனக் கரைக்கு இருபது நாள் தொலைவில் பெரும்புயல் அடித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. வஜ்ரபோதியின் கப்பல் மட்டும் தப்பியது. மொத்தம் கடல்வழி ஒரு லட்சம் லீக்குமேல், காலம் சுமார் மூன்று ஆண்டு என்று குறிப்பு முடிகிறது. ஒரு லட்சம் லீ என்றால் ஐம்பதாயிரம் கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே நாற்பதாயிரம்தான். லீயை அளந்து பார்க்க யாராலும் முடியாது. மூன்று ஆண்டு காத்துக் கிடந்தவருக்கு மூன்று ஆண்டு நன்றாகத் தெரியும்.

720-இல் அதே ராஜசிம்மனின் தூதுக்குழு தாங் பேரரசர் சுவான்சோங்கின் அவையில் நின்றது. அரபியரையும் திபெத்தியரையும் எதிர்க்கத் தன் யானைப்படையையும் குதிரைப்படையையும் பயன்படுத்த விரும்புவதாகவும், அந்தப் படைக்கு ஒரு பெயர் சூட்டித்தர வேண்டும் என்றும் பல்லவன் கேட்டான். பேரரசர் பெயர் கொடுத்தார். சீனத்துக்காக ஒரு கோயில் கட்டி அதற்கும் பெயர் கேட்டான், அதுவும் கிடைத்தது. கேள்வி கேட்கவும் விடை வந்துசேரவும் பல ஆண்டு பிடிக்கும் தூரத்தில் இருந்த இரு அரசர்கள் எல்லைப் போரில் கூட்டுச் சேர நினைத்தார்கள் என்பது அந்தக் காலத்தின் துணிவு. இது வெறும் மரியாதைப் பேச்சு என்று ஒதுக்கிவிடுவோர் அந்த அரசவைகளின் உலக அறிவைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

நாள்கணக்கில் ஈடற்றது சோழர் தூதின் குறிப்புதான். 'சோங் வரலாறு' அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. முதலாம் ராஜராஜன் அனுப்பிய தூதர் 1015-இல் சீன அரசவைக்கு வந்து, வழியை இப்படி விவரித்தார்: தன் நாட்டிலிருந்து 77 பகலும் இரவும் கப்பலோட்டி, இலங்கையைக் கடந்து ஒரு நாடு, அங்கிருந்து 61 நாளில் மலாய்க் கரை, 71 நாளில் ஸ்ரீவிஜயம், 18 நாளில் இன்னொரு மலைமுனை, 20 நாளில் குவாங்சௌ. தன் நாட்டைவிட்டுப் புறப்பட்டதிலிருந்து மொத்தம் 1,150 நாள்.

இந்த எண்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கடலில் ஓடிய நாள்கள் 247. மீதி 903 நாள் எங்கே கழிந்தன என்று ஏடு சொல்லவில்லை. கரையில்தான் கழிந்திருக்க வேண்டும். பயணத்தில் ஐந்தில் ஒரு பங்கு நகர்வு, ஐந்தில் நான்கு பங்கு காத்திருப்பு. தூதர் சீன அரசவையில் தன் மன்னனின் பெயரைச் சொல்லி முத்தும் யானைத்தந்தமும் சாம்பிராணியும் படைத்தபோது அந்த மன்னனின் காலம் முடிந்திருந்தது. ராஜராஜன் 1014-இல் மறைந்தான், ஆட்சி ராஜேந்திரனுடையது. அந்தச் செய்தி தூதருக்கு எட்டியிருக்க வழியில்லை. இதே நூல் சோழநாட்டிலிருந்து குவாங்சௌவுக்குக் கடல்வழி 4,11,400 லீ என்றும் எழுதுகிறது. பூமியை ஐந்து சுற்றுச் சுற்றிவரும் தூரம்! ஒரே ஏட்டில், ஒரே பயணத்துக்கு, அளந்ததுபோல் தோன்றும் எண் பொய்; எண்ணிய எண் மெய்.

சோழர் தூது 1033-இலும் 1077-இலும் மறுபடி போனது. நூறு ஆண்டு கழித்து, 1178-இல், சூ சூஃபெய் என்ற சீன அதிகாரி எழுதிய நூலில் இந்தக் காத்திருப்பு ஒரு கால அட்டவணையாகவே ஒழுங்குபட்டுவிட்டது: குவாங்சௌவிலிருந்து நாற்பது நாளில் சுமத்ராவின் வடமுனை, அங்கே பருவம் மாறும்வரை தங்கல், மறு ஆண்டு புறப்பட்டு ஒரு மாதத்தில் கொல்லம்.

காத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. இ-சிங் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் வடமொழி இலக்கணம் படித்தார். தமிழ் வணிகர்கள் குளம் வெட்டினார்கள். கிரா நிலவிணைப்புக்குத் தெற்கே, இன்றைய தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் பாதுகாப்பில் விட்டதையும் சொல்கிறது. அவனிநாரணன் என்பது காஞ்சிப் பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். மாதக்கணக்கில் தங்கும் ஊரில்தான் குளம் தேவைப்படும். சுமத்ராவின் பாரூசில் 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைக் குறிக்கிறது. வழியின் சீன முனையில், சுவான்சௌ துறைமுகத்தில், சக ஆண்டு 1203 சித்திரையில், அதாவது 1281-இல், குப்ளாய் கானின் நலத்துக்காகச் சிவன் கோயிலில் திருமேனி எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. காற்று ஆண்டு முழுக்க ஒரே திசையில் வீசியிருந்தால் இந்தக் கற்கள் எழுந்திருக்குமா என்பது ஐயம். கடந்து போகிறவர்கள் கோயில் கட்டுவதில்லை.

சோழகத்துக்கும் வாடைக்கும் கட்டுப்பட்ட நிலை 19-ஆம் நூற்றாண்டில்தான் உடைந்தது, அதுவும் அபினியால். வங்கத்து அபினியைக் கான்டனுக்கு, அதாவது குவாங்சௌவுக்கு, விரைந்து கொண்டுசெல்லக் கட்டப்பட்ட 'ரெட் ரோவர்' என்ற பாய்மரக் கப்பல், 1829–30-இல் எதிர்க்காற்றிலேயே ஓடி, கல்கத்தாவிலிருந்து கான்டனுக்குப் போய்த் திரும்ப 86 நாள்தான் எடுத்துக்கொண்டது. ஒரு சமூகத்தையே சீரழித்த சரக்குக்காக ஈராயிரம் ஆண்டு நாள்கணக்கு தகர்ந்தது வருத்தத்துக்குரியது. அடுத்து நீராவி வந்தது. 1845-இல் பி அண்ட் ஓ நிறுவனம் இலங்கையின் காலியிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வழியே ஹாங்காங்குக்கு மாதமொரு கப்பல் விடத் தொடங்கியது. எந்த மாதமும் புறப்படலாம் என்பது புதுமை. 1871 தொடக்கத்தில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி இணைந்தது. அதே ஆண்டில் ஹாங்காங் வரை நீண்டது. ராஜராஜன் மறைந்த செய்தியைப் போன்ற ஒன்று இப்போது தூதருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

தமிழர் கிழக்கே போன வழி 20-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் சிங்கப்பூரோடு நின்றது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் போன ரஜூலா கப்பலை அந்தத் தலைமுறையினர் இன்றும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்கள். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஓடியது. கடாரத்திலிருந்து வூசிங்குக்கு முப்பது நாளான கடல் இப்போது ஒரு வாரத்துக்குள் அடங்கியது. அடுத்து வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு இந்தக் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது.

விமானம் சென்னைக்கு வந்தது கடிதங்களோடு. 1932 அக்டோபர் 15-இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் பைகளை ஓட்டிவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஆனால் கிழக்கே போகும் பன்னாட்டு விமானப் பாதை கராச்சி, கல்கத்தா, ரங்கூன் என்று வடக்கே ஒதுங்கிச் சென்றது. 1936 மார்ச்சில் பினாங்கிலிருந்து ஒரு கிளை ஹாங்காங்கைத் தொட்டது. பழைய கடல்வழியில் நடுநாயகமாக இருந்த சோழமண்டலக் கரை வான்வழியில் ஓரமாகிப்போனது. அன்றைய சிறு விமானங்களால் வங்கக் கடலைக் குறுக்கே தாண்ட முடியாது. கரையைப் பற்றிக்கொண்டு, ஊர் ஊராக எரிபொருள் நிரப்பித்தான் பறந்தன. 1954-இல் ஏர் இந்தியா சிங்கப்பூர், ஹாங்காங் பக்கம் சேவை தொடங்கிய காலத்தில் நான்கு இயந்திர விமானங்கள் வந்துவிட்டன, கடல் தடையாக இல்லாமல் போயிற்று.

இன்று சென்னையிலிருந்து ஹாங்காங்குக்கு நேரடி விமானத்தில் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு 3,700 கிலோமீட்டரைக் கடக்க நான்கு மணி நேரம் சற்றுக் கூடுதலாகப் போதும். ஓடுபாதைக்கு நகர்வது, ஏறுவது, இறங்குவது, வகுத்த வான்தடங்களின் வளைவுகள் ஆகியவை மிச்சத்தை எடுத்துக்கொள்கின்றன. காற்றும் முழுதாக விலகிவிடவில்லை. தென்சீனத்தின் மேல் உயரத்தில் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் அதிவேகக் காற்று, போகும் விமானத்துக்குத் துணை, திரும்பும் விமானத்துக்கு எதிர். அதனால் சீனத்துக்குப் போவதைவிடத் திரும்பிவர நேரம் கூடும். கடல்மட்டத்தில் அதே பருவத்தில் வீசும் வாடை இதற்கு நேர்மாறாகக் கப்பலைத் தமிழ்நாட்டுப் பக்கம் அனுப்பியது.

குவாங்சௌவுக்கே போக வேண்டியவர் பெரும்பாலும் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ பாங்காக்கிலோ விமானம் மாறுகிறார். கடாரமும் ஸ்ரீவிஜயமும் இருந்த அதே வட்டாரம் இன்றும் மாறுமிடமாக இருப்பது தற்செயல் அல்ல. இரு நாடுகளுக்கும் நடுவில் அது அமைந்திருக்கிறது. காத்திருக்கச் செய்யும் காரணங்களில் அரசியலும் இன்னும் இருக்கிறது. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையிலான நேரடி விமானங்கள் 2020-இல் நின்றன. ஐந்து ஆண்டுக்கு மேலான பிறகு, 2025 அக்டோபரில் கொல்கத்தாவிலிருந்து குவாங்சௌவுக்குப் போன விமானத்தோடு அவை மீண்டும் தொடங்கின. அதற்கு முன்பு, 2019 அக்டோபர் 11-இல், சீன அதிபர் ஷி ஜின்பிங் சென்னையில் இறங்கி மாமல்லபுரத்தில் பல்லவர் கோயில்களைப் பார்வையிட்டார். ராஜசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயிலும் அவற்றில் ஒன்று. அந்த அரசனின் தூதர்கள் எதிர்த்திசையில் போய் 1,299 ஆண்டுகள் ஆகியிருந்தன.

காஞ்சியின் கிழக்கு ஓரத்தில் பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் ஏனாத்தூரிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் சாலை வழியே சுமார் 60 கிலோமீட்டர். நெரிசலைப் பொறுத்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகச் சேர வேண்டும். ஹாங்காங் பயணியின் நாளில் பறக்கும் நேரமும் பறக்காத நேரமும் ஏறக்குறைய சமம். இந்தச் சாலைத் தொலைவும் குறையக்கூடும். காஞ்சிக்கு வடக்கே பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. அதற்கான நிலத்தில் ஏரிகளும் நெல்வயல்களும் பதின்மூன்று கிராமங்களின் பகுதிகளும் அடக்கம். அவற்றில் ஒன்றான ஏகனாபுரத்தின் மக்கள் தங்கள் ஊரும் வயலும் போவதை எதிர்த்து அன்று முதல் போராடி வருகிறார்கள்.